குடிமராமத்தும் அடிபம்பும்

நீர்நிலைகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. குளம், ஏரி, கேணி, பொய்கை, துரவு, ஏந்தல், தாங்கல் என நிகண்டுகளிலும் ஊர்ப் பெயர்களிலும் அவை விரவிக் கிடக்கின்றன. அவற்றுள் ஊருணி என்பது தனிச் சிறப்புடைய சொல். ஊராரால் உண்ணப்படும் நீரை உடையது என்பது அதன் பொருள். உண்ணுதல் என்னும் வினை இங்கே பருகுதலைக் குறிக்கும். திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் அறிவுடையான் செல்வத்துக்கு இதனையே உவமையாக எடுத்தாண்டார். வகுப்பில் அக்குறளை நடத்தும் ஆசிரியர் நீர் நிறைந்த ஊருணியைப் பற்றி விரித்துரைப்பார். அந்த ஊருணி தூர்ந்து போனால் தூர் வாருவது யார் என்று மாணவர் கேட்பதில்லை. ஆசிரியரும் அக்கேள்வியை எழுப்புவதில்லை.

அதற்கும் தமிழ்நாட்டார் ஒரு சொல் வைத்திருந்தனர். அது குடிமராமத்து. முற்பாதி தமிழ், பிற்பாதி அரபு மொழியிலிருந்து வந்து, பழுது பார்த்தல் என்னும் பொருளில் தமிழோடு ஒட்டிக்கொண்டது. மழைக்கு முன்னர் ஊர்க் குடிகள் தம் உழைப்பை அளித்து ஏரிக்கரையை உயர்த்தி, வாய்க்காலில் மண்ணெடுத்து, மதகைச் செப்பனிடும் வழக்கத்துக்கு அது பெயர். ஆங்கில அரசு 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் செய்து இத்தகைய உழைப்பைக் கட்டாயமாக்கப் பார்த்தது. சட்டம் ஏட்டில் நின்றது. வழக்கமோ நாளடைவில் தேய்ந்தது.

இன்னும் பழமையானதொரு சான்றும் உண்டு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரிவாரியம், தோட்டவாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. பாடநூல்கள் குடவோலையை மட்டும் வியந்து பேசி முடித்துவிடும். வியக்கத்தக்கது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வருதல் கூடாது என்பது அது. ஏரியைக் காப்பது கரையைக் காப்பது மட்டுமன்று, கணக்கைக் காப்பதும் ஆகும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஊரார் கல்லில் எழுதி வைத்தனர்.

எனினும் இதைக் கொண்டு பழம்பெருமை பேசிவிடுதல் முறையன்று. உத்தரமேரூர்ச் சபை நிலமுடைய பிராமணரின் சபை. ஊருணியில் சேரி மக்கள் குடம் நனைக்கக் கூடாது என்றிருந்த காலமோ வெகு அண்மைவரை நீடித்தது. மண் சுமந்தவர் ஒருவர், நீர் குடித்தவர் ஒருவர் என்பதும் பல ஊர்களின் வரலாறு. 'ஊர்' என்னும் சொல்லைக் கேட்டதும் மனம் உருகுவோர் அந்த ஊரில் யார் யார் அடங்கினர் என்பதையும் கேட்க வேண்டும்.

இத்தனையும் ஆப்பிரிக்க நாட்டுப்புறங்களைப் பற்றிப் பேசுவதற்குத் தோற்றுவாய் என்றால் வாசகர் வியப்படையலாம். உதவி பெற்று உயர முயன்ற ஏழை நாடுகள் பலவற்றில், கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பணமும் அறிவும் பெரிதும் செலவானது இந்த ஒரு கேள்வியின் மீதுதான்: கொடுத்த பொருள் பழுதானால் குடிமராமத்து யாருடையது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் மேற்கொண்ட கிராமப் பணிகளுக்குச் 'சமுதாய வளர்ச்சி' என்னும் பெயர், 1948-இல் கேம்பிரிட்ஜில் கூடிய மாநாட்டுக்குப் பின் நிலைபெற்றது. மக்களின் பங்கேற்போடும், இயலுமானால் மக்களின் சொந்த முனைப்பினாலும் நடைபெறும் முன்னேற்றம் என்பது அம்மாநாடு தந்த விளக்கத்தின் சாரம். அந்த 'இயலுமானால்' என்ற ஒரு சொல்லில்தான் பின்னாளைய தொல்லைகள் அனைத்தும் ஒளிந்திருந்தன. இந்தியாவில் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. ஐந்தாண்டு கழித்து அதனை ஆய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, திட்டம் ஊராரின் முனைப்பைத் தூண்டத் தவறிவிட்டது என்று தயங்காமல் எழுதியது. ஆப்பிரிக்காவில் கென்யா 1963-இல் விடுதலை பெற்றபோது 'ஹராம்பே', அதாவது எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்பது அந்நாட்டின் முழக்கமாயிற்று. தான்சானியாவின் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1967-இல் வெளியிட்ட அரூஷா அறிக்கையில், வெளியார் பணத்தை நம்பி வளர முயல்வது விடுதலையை இழப்பதற்கு வழி என்று எச்சரித்தார். எச்சரித்த நாடே பின்னர் வெளியார் உதவியை மிகுதியும் வாங்கிய நாடுகளுள் ஒன்றாயிற்று என்பது வேறு கதை.

பள்ளி, மருத்துவம், வேளாண்மை என உதவி பல துறைகளில் சென்றது. அவற்றுள் குடிநீரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளலாம். பள்ளி நன்றாக நடக்கிறதா என்பதில் வாதம் செய்ய இடமுண்டு. பம்பை அடித்தால் தண்ணீர் வருகிறது அல்லது வரவில்லை. அதில் வாதத்துக்கு இடமில்லை. மேலும் ஆப்பிரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் நிற்கும் அடிபம்புக்கு உருக்கொடுத்த இடங்களுள் ஒன்று தமிழ்நாடு.

பீகாரில் 1966, 67-ஆம் ஆண்டுகளில் கொடிய பஞ்சம் வந்தது. பாறை நிலத்தில் கையால் கிணறு தோண்ட மாதங்கள் ஆகும். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெப், காற்றழுத்தத்தால் பாறையைக் குடையும் இயந்திரங்களை இறக்குமதி செய்தது. மாதக் கணக்கில் ஆன வேலை நாள் கணக்கில் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் முதலிய பாறை நில மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்பாலான அடிபம்புகள் பொருத்தப்பட்டன. எண்ணிக்கை ஏற ஏற அறிக்கைகள் மகிழ்ச்சியோடு எழுதப்பட்டன. 1970-களின் நடுவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பொருத்தப்பட்ட பம்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இயங்கவில்லை என்று தெரிய வந்தது.

காரணம் கண்டுபிடிக்கக் கடினமானதன்று. அந்தப் பம்பின் அமைப்பு மேல்நாட்டுப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் நாளைக்குச் சில குடம் இறைப்பதற்காக ஏற்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் விடியற்காலை நான்கு மணிக்கு முதல் குடம் வரும். இரவு வரை கைப்பிடி ஓயாது. இருநூறு முந்நூறு பேர் அடிக்கும் அடியில் வார்ப்பிரும்பு வெடித்தது, முளையாணி தேய்ந்தது, கைப்பிடி கழன்றது. குற்றம் அடித்த பெண்களுடையது அன்று; எவர் அடிக்கப் போகிறார் என்று எண்ணாமல் அனுப்பியவர்களுடையது.

மாற்றுவழியும் இந்தியாவிலேயே முளைத்திருந்தது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறித்தவ மிஷன்களைச் சார்ந்த கிணற்றுப் பணியாளர்கள் எஃகுத் தகட்டாலும் சங்கிலியாலும் உறுதியான பம்புகளைச் செய்து பயன்படுத்தி வந்தனர். அந்தக் கருத்துகளை எடுத்துக்கொண்டு, இந்திய அரசும் யூனிசெப்பும் சென்னையிலிருந்த பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்னும் அரசுத் தொழிற்சாலையும் சேர்ந்து ஒரு புதிய பம்பை உருவாக்கின. நீர்மட்டம் மிக ஆழத்தில் இருக்கும் இடத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும் என்று 1976-ஆம் ஆண்டளவில் மாதிரிகளைக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பொருத்திப் பார்த்தனர். அவை தாக்குப்பிடித்தன. 'இந்தியா மார்க் 2' எனப் பெயர் பெற்ற அந்தப் பம்பு அப்பதிற்றாண்டு முடிவதற்குள் சென்னையில் பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. அதன் வடிவத்துக்கு யாரும் தனி உரிமை கொண்டாடவில்லை. எந்தத் தொழிற்சாலையும் செய்யலாம். அளவு மட்டும் இந்தியத் தர நிர்ணயத்துக்கு ஒத்திருக்க வேண்டும்.

ஜொகூர்த் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குக் கிணறு தெரியும், லயத்துக்குப் பொதுவாக நின்ற குழாய் தெரியும்; அடிபம்பு அத்துணைப் பழக்கமில்லை. ஆகவே அதன் அமைப்பைச் சற்று விளக்குதல் நலம். தரைக்கு மேலே தெரிவது தலையும் கைப்பிடியும் மட்டுமே. உயிர்நிலை கிணற்றுக்குள் நீருக்கு அடியில் தொங்கும் உருளையில் இருக்கிறது. அந்த உருளைக்குள் ஒரு முசலம் மேலும் கீழும் ஓடும்; அதனைச் சுற்றித் தோல் வாசர்கள் இருக்கும். முசலத்தையும் கைப்பிடியையும் இணைப்பது நீண்ட இரும்புக் கம்பி. மார்க் 2 பம்பில் கம்பியின் மேல்முனை ஒரு சங்கிலியில் தொங்குகிறது. கைப்பிடி எப்படிச் சுழன்றாலும் சங்கிலி கம்பியை நேராகவே இழுக்கும். கைப்பிடி சுழலும் இடத்தில் தூசி புகாத குண்டுத் தாங்கிகள். இவ்வளவுதான் புதுமை. பெரிய அறிவியல் ஏதுமில்லை. முந்நூறு பேர் அடிப்பர் என்று ஒப்புக்கொண்டு செய்த பொருள், அவ்வளவே.

பம்பு உறுதியானது போதுமென்று தமிழ்நாடு விட்டுவிடவில்லை. மூன்று அடுக்குப் பராமரிப்பு முறையொன்று அங்கே வகுக்கப்பட்டது. ஊரில் பம்புக்கு ஒரு காப்பாளர். ஆணிகளை இறுக்கி, சங்கிலிக்குக் கிரீஸ் தடவி, பழுது பெரிதானால் செய்தி அனுப்புவது அவர் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் குழாய்களைத் தூக்கும் கருவிகளோடு வண்டியேறி வரும் ஒரு குழு. செய்தி அனுப்ப அஞ்சலட்டைகள் கொடுக்கப்பட்டன. அட்டை போய்ச் சேர்ந்து வண்டி வந்து சேரச் சில ஊர்களில் வாரங்கள் ஆயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் ஒரு கிணற்றுக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு காப்பாளர் இருந்தார். அரசு போட்ட இந்தக் கிணறுகளால் வேறொரு பயனும் விளைந்தது. பொதுக் கிணற்றில் இடம் மறுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பிலேயே ஒரு பம்பு நின்றபோது, தண்ணீருக்காகப் பிறர் தயவை எதிர்பார்த்து நிற்கும் நிலை அங்கே சிறிது தளர்ந்தது.

1981 முதல் 1990 வரையிலான காலத்தை ஐக்கிய நாடுகள் குடிநீர்ப் பதிற்றாண்டாக அறிவித்தன. இந்தியாவில் வெற்றி கண்ட மார்க் 2 பம்பு கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றது. பம்பு சென்றதே தவிர மெக்கானிக்கும் வண்டியும் அஞ்சலட்டையும் உடன் செல்லவில்லை. மார்க் 2 பம்பின் அடிப்பகுதியைப் பழுது பார்க்க வேண்டுமானால் கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவியும் நாலைந்து பேரும் வேண்டும். தமிழ்நாட்டில் வாசர் வாங்கப் பக்கத்துப் பட்டணத்துக் கடைக்குப் பேருந்தில் போகலாம். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் அருகில் கடை இல்லை; சாலையுமில்லை. இதோடு மண்ணின் குணமும் பகையாயிற்று. மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சற்றே புளிப்புத் தன்மை உடையது. அந்நீர் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அரித்தது. தண்ணீர் செந்நிறமாய், துருச் சுவையோடு வந்தது. சோற்றில் நிறம் ஏறிற்று, வெளுத்த துணி பழுத்தது. மக்கள் பழைய குட்டைக்கே திரும்பினர். அறியாமை என்று இதனை எழுதிய அறிக்கைகளும் உண்டு. ஆனால் அரிப்பைக் கண்டறிந்தவர்கள் சுவையை முதலில் சொன்ன அப்பெண்களுக்குப் பின்னால் வந்தவர்களே. உகாண்டா அரசு அத்தகைய குழாய்களைத் தடை செய்தது 2016-இல்தான்.

தான்சானியாவின் அனுபவம் வேறு வகையானது. 1991-க்குள் ஒவ்வொரு சிற்றூர்க் குடிக்கும் 400 மீட்டருக்குள் நல்ல தண்ணீர், அதுவும் விலையின்றி என்று 1971-இல் அந்நாடு உறுதி பூண்டது. வெளிநாட்டுப் பணம் வந்தது; கிணறுகளும் குழாய்களும் வந்தன. பழுது பார்க்கும் செலவை அரசே ஏற்றது, ஆனால் அரசிடம் அதற்குப் பணமில்லை. ஊராரும் அது அரசாங்கத்தின் பம்பு என்று பார்த்துக்கொண்டிருந்தனர். குறித்த 1991-ஆம் ஆண்டு வந்தபோது இலக்கு எட்டவில்லை. பயன்படுத்துவோர் செலவில் பங்கேற்க வேண்டும் என்னும் புதிய நீர்க்கொள்கைதான் வந்தது.

ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே ஏக்கப் படமாகத் தீட்டுவது தவறு. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அங்கே உள்ளன. சகாராவுக்குத் தெற்கே சுமார் 20 கோடி மக்கள் அடிபம்பை நம்பி வாழ்கின்றனர். அப்பகுதியின் 20 நாடுகளிலிருந்து 2009-இல் திரட்டப்பட்ட கணக்கு, நூற்றுக்கு 36 பம்புகள் ஓய்ந்து கிடந்ததாகக் கூறிற்று. நூற்றுக்கு 64 இயங்கின என்றும் அதனைப் படிக்கலாம். இயங்கியவை ஏன் இயங்கின என்பதே கற்கத்தக்கது.

அதற்கு முன் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் குழந்தைகள் விளையாடும் சுழல் ராட்டினத்தைப் பம்போடு இணைத்தார். பிள்ளைகள் சுற்றி விளையாட, தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும். கேட்பவர் எல்லோரும் சொக்கிப்போனார்கள். 2006-இல் அமெரிக்க அதிபரின் மனைவியே மேடையேறி இதற்குப் பெருந்தொகை அறிவித்தார்; 2010-க்குள் 4,000 ராட்டினம் நாட்டப்படும் என்றனர். ஒன்றின் விலை சாதாரண அடிபம்பைப் போல் நான்கு மடங்கு. பிள்ளைகள் நாள் முழுவதும் சுற்றுவார்களா? சுற்றவில்லை. தண்ணீர் வேண்டும் நேரத்தில் முதிய பெண்கள் அந்த ராட்டினத்தைக் குனிந்து தள்ளிச் சுற்றினர். பழுதானபோது செய்தி அனுப்பி மாதக் கணக்கில் காத்திருந்தனர். சில ஊர்களில் நன்றாக இயங்கிய பழைய அடிபம்பைக் கழற்றிவிட்டு ராட்டினத்தை நாட்டியிருந்தார்கள். நான்காண்டுக்குள் திட்டம் சுருண்டது. கொடுப்பவர் கண்ணுக்கு அழகாயிருக்கும் பொருள் வேறு, பெறுபவர் கைக்கு எளிதாயிருக்கும் பொருள் வேறு.

இனிக் கென்யாவின் தென்கரையில், மொம்பாசாத் துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள குவாலே என்னும் மாவட்டத்துக்கு வரலாம். 1983 முதல் அங்கே ஸ்வீடன் நாட்டு உதவியோடும், உலக வங்கியும் ஐக்கிய நாடுகளும் நடத்திய பம்பு ஆராய்ச்சியோடும் ஒரு திட்டம் நடந்தது. முதலில் பொறியாளர்கள் மட்டும் வந்தனர். ஊரார் ஒதுங்கி நின்றனர். பிறகு கென்யத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று பேசினர். தண்ணீர் சுமப்பவர் பெண்கள். தண்ணீர்க் குழுவில் ஆண்கள் மட்டும் அமர்ந்தால் என்ன பயன் என்று கேட்டனர். ஊர்தோறும் குழு ஏற்பட்டது. பொருளாளர் பொறுப்பு பல ஊர்களில் பெண்களிடம் வந்தது. பம்பு நாட்டப்படுவதற்கு முன்னரே குழு பணம் திரட்டி வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

பொறியாளர்களும் தம் வழியை மாற்றிக்கொண்டனர். ஊராரே கழற்றிப் பூட்டக்கூடிய பம்பு வேண்டும் என்பது அவர்களுடைய புதிய நோக்கம். மலாவியிலும் கென்யாவிலும் நடந்த சோதனைகளிலிருந்து 'ஆப்ரிடேவ்' என்னும் பம்பு பிறந்தது. அதன் குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை, துருப்பிடிக்காதவை. குழாயை வெளியே இழுக்காமலே முசலத்தை மட்டும் மேலே எடுத்து வாசரை மாற்றலாம். கம்பிகளைத் திருகின்றிக் கொக்கியால் கோத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரே ஒரு திருகுச்சாவி போதும். இரண்டு பெண்கள் ஒரு காலைப்பொழுதில் முடிக்கக்கூடிய வேலை. இதே ஆண்டுகளில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மறுபடியும் ஒரு நீண்ட சோதனை நடந்தது. அதிலிருந்து அதே நோக்கில் 'மார்க் 3' வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் கற்ற பாடம் கோயம்புத்தூருக்குத் திரும்பிவந்தது எனலாம்.

குவாலேயில் திட்டம் நடந்த காலத்தில் பம்புகள் பெரும்பாலும் இயங்கின. திட்டக்காரர் சென்ற பிறகு? முப்பது ஆண்டு கழித்து ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அங்குச் சென்றனர். பல பம்புகள் இன்னும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தன. பல ஓய்ந்து கிடந்தன. அவர்களுக்கு அங்கே ஓர் அரிய பொருள் கிடைத்தது. தண்ணீர்க் குழுக்கள் பல ஆண்டுகளாக எழுதிப் பாதுகாத்து வைத்திருந்த வரவு செலவு நோட்டுகளே அவை. எந்த வீடு எந்த மாதம் பணம் கொடுத்தது என்று வரி வரியாக எழுதப்பட்டிருந்தது. உத்தரமேரூரார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். அந்த நோட்டுகளிலிருந்து தெரிந்த செய்திகள் எளியவை. மழைக்காலத்தில் வேறு நீர் கிடைப்பதால் பணம் வருவது குறைகிறது. தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் பணம் கொடுப்போர் குறைகின்றனர். வீடு தொலைவில் இருந்தாலும் அப்படியே. பணம் முறையாகத் திரளும் இடத்தில் பழுது விரைவில் நீங்குகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. அது நியாயமான தடை. நகரத்தில் வாழ்பவன் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. பழுதானால் தொலைபேசியில் சொன்னால் போதும். அவனை எவரும் குழு அமைக்கச் சொல்வதில்லை, வாசர் மாற்றச் சொல்வதில்லை. காட்டிலும் கழனியிலும் உழைத்துக் களைத்த ஏழைப் பெண்ணிடம் மட்டும் 'இது உன் பம்பு, நீயே பார்த்துக்கொள்' என்பது உதவியா, கைகழுவலா? முதலில் கேட்காமல் கொடுத்தார்கள். பின்னர் கொடுத்துவிட்டு விலகினார்கள். இரண்டாவது பிழைக்கு 'மக்கள் பங்கேற்பு' என்னும் அழகிய பெயர் கிடைத்துவிட்டது. குடிமராமத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கிய 1858-ஆம் ஆண்டு அரசின் மனப்பான்மைக்கு இது வெகு தொலைவில் இல்லை. குழுவில் இருந்தவர் முதுமையடைவார், ஊர் மாறிச் செல்வார், சலிப்படைவார். கூலியின்றி ஒருவர் முப்பது ஆண்டு காப்பாளராக இருப்பார் என்று எதிர்பார்ப்பது அறமன்று, நடவாததும் கூட.

இதற்கு விடை காணும் முயற்சியொன்று அதே கென்யாவின் கிழக்கே வறண்ட கிட்டூய்ப் பகுதியைச் சேர்ந்த கியூசோவில் 2013-இல் நடந்தது. பம்பின் கைப்பிடிக்குள் சிறு கருவியொன்றைப் பொருத்தினர். எத்தனை முறை அடிக்கப்பட்டது என்பதைக் கைத்தொலைபேசிச் செய்தியாக அது அனுப்பிக்கொண்டிருக்கும். கைப்பிடி அசையாவிட்டால் பழுது என்று பொருள். உள்ளூர் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் புறப்படுவார். அதற்கு முன் பழுதான பம்பு சீராகச் சராசரி 27 நாள் ஆனது. சோதனைக் காலத்தில் அது மூன்று நாளுக்கும் குறைந்தது. பழுது மூன்று நாளில் நீங்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பணம் கொடுக்க மக்கள் முன்வந்தனர். அந்த முயற்சியே 'பண்டிபிக்ஸ்' என்னும் உள்ளூர் நிறுவனமாக வளர்ந்தது. 'பண்டி' என்றால் சுவாஹிலி மொழியில் கைவினைஞன். ஊரார் மாதத் தவணை கட்டுகின்றனர். அது முழுச் செலவுக்குப் போதாததால் ஓர் அறக்கட்டளை மிச்சத்தை ஈடு செய்கிறது. உதவிப் பணம் இங்கே புதுக் கிணறு தோண்டப் போகாமல் மராமத்துக்குப் போகிறது. அந்தப் பணத்துக்குத் திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை, புகைப்படமும் இல்லை. அதனாலேயே அது கிடைப்பதற்கு அரிது.

ஜொகூரில் இந்தக் கேள்வி தண்ணீர் உருவில் இன்று அவ்வளவாக இல்லை. பள்ளிக்கூட உருவில் இருக்கிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல தனியார் நிலத்தில் எழுந்தவை. தோட்டம் தோட்டக்காரருடையது, பள்ளியும் அவர் இடத்தில் நின்றது. கூரை ஒழுகினால் துரையிடமோ கிராணியாரிடமோ போய்ச் சொல்வதோடு பெற்றோரின் மராமத்து முடிந்தது. பின்னர்த் தோட்டங்கள் கைமாறின, பால்மரம் செம்பனையாயிற்று, லயங்கள் காலியாயின. சொல்வதற்குரிய துரை இல்லாமற் போனார். ஒழுகும் கூரை மட்டும் இருந்தது. 'பகுதி உதவி' பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, கட்டடம் பள்ளி வாரியத்தின் தலையில். அந்த 'வாரியம்' என்ற சொல் சோழர் கல்வெட்டில் உள்ள அதே சொல்தான். 2010-களில் அரசாங்கத்தின் சிறப்பு நிதியால் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் புதுக் கட்டடங்கள் எழுந்தன. நிலத்தை அரசாங்கத்துக்கு மாற்றி முழு உதவிப் பள்ளியாக்கிக்கொள்வதா, வாரியத்தின் உரிமையை வைத்துக்கொண்டு பழுதையும் சுமப்பதா என்னும் வாதம் வாரியக் கூட்டங்களில் எழுந்துகொண்டேதான் இருக்கிறது. இரு தரப்பிலும் பொருளுண்டு. உரிமையை விட்டபின் நாளை பள்ளி என்னவாகும் என்னும் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உரிமை மட்டும் இருந்து கழிப்பறைக் கதவுக்குப் பணமில்லாத நிலையையும் பிள்ளைகள்தாம் அனுபவிக்கின்றனர்.

கோத்தோங் ரோயோங் நாளில் பெற்றோர் திரளுவர், வண்ணம் பூசுவர், புல் வெட்டுவர். மின்கம்பி மாற்றுவதும் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரைப் பழுது பார்ப்பதும் அந்நாளில் நடவா. ஒரு வட்டாரத்தில் அருகருகே இருக்கும் நான்கைந்து பள்ளிகளின் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மாதந்தோறும் சிறு தொகை போட்டு, மின்வேலையும் குழாய்வேலையும் தெரிந்த ஒருவரை நிலையாக அமர்த்திக்கொள்ளலாம். கியூசோவில் நடந்ததற்கு நெருங்கிய ஏற்பாடு அது. அங்கே போலவே குறையும் தொகைக்கு ஒரு நிதி வேண்டியிருக்கும். நிதி கொடுப்பவர் முதலில் கேட்கப்போவது எந்தப் பள்ளியில் எது பழுதாகி எத்தனை நாள் கிடந்தது என்பதைத்தான். அதற்கு விலை குறைந்த நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்; ஆனால் நாள் தவறாமல் எழுதியிருக்க வேண்டும்.